செய்முறை விஞ்ஞானமும் குழந்தையின் உள்ளமும்

புனே நகரின் வடகிழக்கே, ஆளந்திக்குச் செல்லும் சாலையை ஒட்டி விஷ்ராந்த்வாடி என்னும் புறநகர்ப் பகுதி அமைந்துள்ளது. ஆண்டுதோறும் மழைக்காலத் தொடக்கத்தில் ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு ஆளந்தியிலிருந்து புறப்பட்டு இச்சாலை வழியாகவே புனேக்குள் நுழைகிறது. விஞ்ஞானத் துறையிலும் இந்நகரம் பெயர் பெற்றதாகும். 1950ஆம் ஆண்டில் தேசிய இரசாயன ஆராய்ச்சிக்கூடம் இங்கே திறக்கப்பெற்றது. 1988இல் வானியல் ஆராய்ச்சிக்கெனப் பல்கலைக்கழகங்களின் பொது மையமாகிய 'ஐயூகா' நிறுவப்பெற்றது. ஆயினும் விஷ்ராந்த்வாடியில் வளரும் ஒரு குழந்தைக்கு முதல் ஆராய்ச்சிக்கூடமாக வாய்ப்பது ஆரம்பப் பள்ளியின் வகுப்பறைத் தரையேயாகும். அங்கே ஒரு மின்கலமும் ஒரு பல்பும் அதன் கையில் முதன்முறையாக வந்து சேரும் வேளையில், அறிவோடு உள்ளமும் வேலை செய்யத் தொடங்குகிறது.

குழந்தைகளுக்குச் செய்முறை மூலம் விஞ்ஞானம் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்தை இன்று மறுப்பார் அரியர். அதற்குக் கூறப்படும் காரணங்களுள் முதன்மையானது, குழந்தைகள் அதனால் மகிழ்ச்சியடைகின்றனர் என்பதாகும். இஃது உண்மையே, ஆனால் உண்மையின் ஒரு பகுதியே. செய்முறைப் பாடத்தில் மகிழ்ச்சியுடன் வியப்பும், அச்சமும், அருவருப்பும், ஏமாற்றமும், வெட்கமும் தோன்றுகின்றன. சோதனை தவறிப்போகும்போது குழந்தைக்கு உண்டாகும் ஏமாற்றத்தை ஆசிரியர் எவ்வாறு ஏற்றுக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே அப்பாடத்தின் பயன் பெரிதும் அமைகிறது எனலாம்.

எரியாத பல்பு

விஷ்ராந்த்வாடி போன்ற ஒரு புறநகரில் நடைபெறக்கூடிய நான்காம் வகுப்புப் பாடம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நாற்பது குழந்தைகள் நால்வர் நால்வராக அமர்ந்திருக்கின்றனர். ஒவ்வொரு குழுவுக்கும் டார்ச்சு விளக்கில் இடும் 1.5 வோல்ட்டு மின்கலம் ஒன்றும், அதற்கேற்ற சிறிய இழைப் பல்பு ஒன்றும், இரு முனைகளிலும் உறை நீக்கிய கம்பித் துண்டு ஒன்றும் அளிக்கப்படுகின்றன. "பல்பை எரியச் செய்யுங்கள்" என்று மட்டும் ஆசிரியை கூறுகிறார்.

முதலில் எழுவது ஆரவாரம். பெரும்பாலான குழந்தைகள் பல்பின் அடிப்பாகத்தை மின்கலத்தின் மேற்குமிழில் வைத்துப் பார்க்கின்றனர்; அது எரிவதில்லை. சிலர் கம்பியின் ஒரு முனையை மின்கலத்திலும் மறுமுனையைப் பல்பின் அடியிலும் வைக்கின்றனர், அப்போதும் எரிவதில்லை. குழாயின் ஒரு முனையிலிருந்து தண்ணீர் வருவதுபோல மின்சாரமும் ஒரு வழியாக வந்து சேர்ந்தால் போதும் என்பது அவர்களுடைய எண்ணம். சில நிமிடங்களில் ஆரவாரம் அடங்குகிறது. அடுத்த குழுவின் பல்பு திடீரென ஒளிவிடுகிறது. எரியாத பல்பைக் கையில் வைத்திருக்கும் சிறுமி ஒருத்தி முதலில் பல்பைப் பார்க்கிறாள். பிறகு ஆசிரியையின் முகத்தைப் பார்க்கிறாள். அப்பார்வையில் ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது: "பல்பு எரியவில்லையே, ஏன்?" என்பதாக அது இருக்கலாம், அல்லது "எனக்கு இது வராதோ?" என்பதாகவும் இருக்கலாம்.

இவ்விரு கேள்விகளும் ஒரே ஏமாற்றத்திலிருந்து பிறந்தவையே. முதற் கேள்வி பொருளை நோக்கியது. அதற்குப் பொருளிடத்திலேயே விடை உண்டு. இரண்டாவது கேள்வி தன்னையே நோக்கியது. அது வெட்கத்தில் முடிவது. குழந்தை இவ்விரண்டில் எவ்வழியே செல்லும் என்பது, அடுத்த சில விநாடிகளில் ஆசிரியை செய்வதையும் சொல்வதையும் பொறுத்துள்ளது.

ஆசிரியை கம்பியைத் தம் கையில் வாங்கிச் சரியாக வைத்துக் காட்டுவாராயின், பல்பு எரியும். ஆனால் எரிய வைத்தவர் ஆசிரியை என்பதைச் சிறுமி அறிவாள். "அவர்கள் செய்துவிட்டார்களே, உன்னால் ஏன் முடியவில்லை?" என்று கேட்பாராயின், இரண்டாவது கேள்விக்கே விடை கிடைத்தாற்போலாகும். "பல்பின் உள்ளே இருக்கும் மெல்லிய இழையைப் பார். அதன் இரண்டு நுனிகளும் எங்கே போய்ச் சேருகின்றன?" என்று கேட்பாராயின், அவள் பார்வை ஆசிரியையின் முகத்திலிருந்து மீண்டும் பல்புக்குத் திரும்புகிறது.

அவ்வாறு உற்று நோக்கினால் விடை தெளிவாகும். இழையின் ஒரு நுனி பல்பின் அடியிலுள்ள சிறு உலோகப் பொட்டுடனும், மற்றொரு நுனி பக்கவாட்டிலுள்ள உலோக உறையுடனும் இணைந்துள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே மின்சாரம் கடத்தாத பொருள் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே அடிப்பொட்டை மின்கலத்தின் குமிழில் வைத்து, மின்கலத்தின் அடித்தட்டிலிருந்து கம்பியைப் பல்பின் பக்க உறைக்குக் கொண்டுவந்தால் மின்சாரம் சென்று திரும்பும் சுற்று நிறைவுபெறும். எரியாதபோது செய்த ஒவ்வொரு முயற்சியும் இச்சுற்று எங்கே அறுந்திருந்தது என்பதைக் காட்டும் சான்றாகும். முதல் முயற்சியிலேயே தற்செயலாக எரியவைத்த குழந்தைக்கு இச்சான்றுகள் கிடைப்பதில்லை. பலமுறை தவறியவளே அதனை அறிவாள்.

வியப்பின் பயன்

எதிர்பார்த்தது நிகழாதபோது உண்டாகும் வியப்பு, கற்றலைத் தூண்டும் ஆற்றலுடையது என்பதற்கு ஆராய்ச்சிச் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எயிமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் ஆகிய இருவரும் பதினொரு மாதக் குழந்தைகளைக் கொண்டு நடத்திய சோதனைகளை 2015இல் வெளியிட்டனர். ஒரு பந்து சுவரை ஊடுருவிச் செல்வதுபோல அக்குழந்தைகளுக்குக் காட்டப்பட்டது. பிறகு பந்தைக் கையில் கொடுத்தபோது, அவர்கள் அதனை மோதிப் பார்த்தனர். தாங்கும் பொருள் இல்லாமல் ஒரு பொம்மை அந்தரத்தில் நிற்பதுபோலக் காட்டியபோது, அதனை வாங்கிக் கீழே விட்டுப் பார்த்தனர். பேசவும் கற்காத குழந்தை, தன் எதிர்பார்ப்பு பொய்த்த இடத்தையே குறிவைத்துச் சோதிக்கிறது என்பது இதனால் விளங்குகிறது. வழக்கமான நிகழ்ச்சியைக் கண்ட குழந்தைகளிடம் இத்தகைய நாட்டம் காணப்படவில்லை.

எலிசபெத் பானவிட்சும் அவருடன் பணிபுரிந்தோரும் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதன் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. பல செயல்களைச் செய்யக்கூடிய புதிய பொம்மை ஒன்று, பள்ளி செல்லும் வயதை எட்டாத சிறுவர்களிடம் அளிக்கப்பட்டது. ஒரு சாராருக்கு அதன் ஒரு செயல் மட்டும் ஆசிரியர் கற்பிக்கும் முறையில் காட்டப்பட்டது. அச்சிறுவர்கள் காட்டியதையே மீண்டும் மீண்டும் செய்தனர். பொம்மையின் ஏனைய செயல்களைத் தேடிக் கண்டறிவதில் அவர்கள் பிறரைவிடப் பின்தங்கினர். நேரே கற்பித்தல் பயனற்றது என்பது இதன் பொருளன்று. விடையை விரைந்து அளித்துவிட்டால், "இனித் தேட ஒன்றுமில்லை" என்று குழந்தை முடிவு செய்துவிடக்கூடும் என்பதே இதனால் பெறப்படும் எச்சரிக்கையாகும்.

அருவருப்பும் துயரமும்

ஏமாற்றத்தைப் போலவே பிற உணர்ச்சிகளையும் பாடத்துக்கு இடையூறு எனக் கருதுவது வழக்கம். மண்புழுவைப் பார்க்கும் பாடத்தில் சில குழந்தைகள் முகத்தைச் சுளித்துப் பின்வாங்குவர். சிலர் பிறரை அச்சுறுத்துவதற்காகவே புழுவைத் தூக்கிக் காட்டுவர். அருவருப்பு மனிதனை நோயிலிருந்து காக்கும் இயல்பான உணர்ச்சி. அதற்காக ஒரு குழந்தையைக் கேலி செய்வதும், வற்புறுத்திப் புழுவைத் தொடச் செய்வதும் முறையல்ல. மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை, ஈரமான தோலின் வழியாகவே அது மூச்சுவிடுகிறது, உலர்ந்த கையில் நெடுநேரம் வைத்திருந்தால் அதற்குத் துன்பம் நேரும் என்னும் செய்திகளைக் கூறி, புழுவின்மீது சில துளி நீர் தெளிக்கும் பொறுப்பை அக்குழந்தையிடமே ஒப்படைக்கலாம். அருவருப்பு அக்கறையாக மாறுவதற்கு இது வழிவகுக்கும். தொலைவில் நின்று பார்த்து எழுதுவதும் விஞ்ஞானப் பணியே. பாடம் முடிந்தபின் புழுவை மண்ணில் விடுவதும், கைகளைச் சோப்பினால் கழுவுவதும் பாடத்தின் பகுதிகளாகும்.

விதை முளைக்கும் சோதனையில் வேறோர் உணர்ச்சி தோன்றுகிறது. பச்சைப்பயறு ஈரத்துணியில் ஓரிரு நாட்களில் முளைவிடும். தன் விதைமீது மிகுந்த அன்பு கொண்ட குழந்தை, அது விரைவில் வளர வேண்டுமென்று கிண்ணம் நிறைய நீர் ஊற்றிவிடுகிறது. விதை மூழ்கிக் கிடந்து அழுகுகிறது. மற்றவர் கிண்ணங்களில் முளை எழுந்திருக்க, இக்குழந்தையின் கண்களில் நீர் ததும்புகிறது. விதைக்கு நீருடன் காற்றும் வேண்டும். நீரில் முற்றிலும் மூழ்கிய விதைக்குப் போதிய பிராணவாயு கிட்டுவதில்லை. முளைத்த விதைகள் மட்டும் வகுப்பில் இருந்திருப்பின் இவ்வுண்மை ஒருவருக்கும் தெரிந்திராது. அழுகிய விதையை எறிந்துவிடாமல் முளைத்த விதைகளுக்கு அருகிலேயே வைத்து, இரண்டிலும் செய்தவை என்னென்ன என்று கரும்பலகையில் எழுதச் செய்வாராயின், அக்குழந்தையின் துயரம் வகுப்பு முழுமைக்கும் ஓர் அறிவைத் தந்ததாகும்.

நம் நாட்டில் நடைபெற்ற முயற்சிகள்

இவ்வுண்மைகளைத் தம் பணியில் கடைப்பிடித்த முயற்சிகள் சில நம் நாட்டில் நடைபெற்றுள்ளன. இப்போது நர்மதாபுரம் என வழங்கும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்முறை விஞ்ஞானக் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு நிறுவனங்கள் இதனைத் தொடங்கின. 1982 முதல் ஏகலவ்யா என்னும் நிறுவனம் நடத்தியது. குழந்தைகள் நால்வர் கொண்ட குழுக்களாகச் சோதனைகளைச் செய்து, கண்டதை விவாதித்து, தாமே எழுதினர். தேர்வுக்குப் புத்தகத்தைக் கொண்டு செல்ல அனுமதி இருந்தது. செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடம் மறந்துவிடுமோ என்னும் அச்சம் இதனால் குறைந்தது.

அத்திட்டத்தில் 'சவாலிராம்' என்னும் கற்பனைப் பாத்திரம் ஒன்றும் இருந்தது. குழந்தைகள் தமக்குத் தோன்றும் எந்தக் கேள்வியையும் சவாலிராமுக்குக் கடிதமாக எழுதலாம். விடை எழுதி அனுப்பப்படும். வகுப்பில் வாய்திறந்து கேட்க வெட்கப்படும் குழந்தைக்கும் கேட்பதற்கு ஓர் இடம் இவ்வாறு அமைந்தது. 2002இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. ஆயினும் அதன் அனுபவம் பிற மாநிலங்களின் ஆசிரியர்களுக்கும் வழிகாட்டியது.

அத்திட்டத்தில் 1978இல் பங்குகொண்டவருள் ஒருவர் அரவிந்த் குப்தா. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, புனேயில் மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் பணிபுரிந்து வந்த இவர், விடுப்பெடுத்துக்கொண்டு அங்கே சென்றார். சைக்கிள் வால்வு டியூப்பின் சிறு துண்டுகளில் தீக்குச்சிகளைச் செருகி அவர் அமைத்த வடிவங்கள் பின்னர்ப் புகழ்பெற்றன. ஐயூகா நிறுவனத்தின் குழந்தைகள் விஞ்ஞான மையத்தில் அவர் 2014 வரை பணியாற்றினார். விஷ்ராந்த்வாடியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அம்மையத்துக்கு நகரின் பல பள்ளிகளிலிருந்து குழந்தைகள் வந்து, பழைய காகிதம், உறிஞ்சு குழல், புட்டி மூடி போன்றவற்றைக் கொண்டு தம் கையாலேயே விளையாட்டுப் பொருள்களைச் செய்தனர். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

தீக்குச்சி வடிவங்களில் ஏமாற்றமே பாடமாகிறது என்பது கவனிக்கத்தக்கது. மூன்று குச்சிகளால் அமைத்த முக்கோணம் எவ்வளவு அழுத்தினும் வடிவம் மாறுவதில்லை. நான்கு குச்சிகளால் அமைத்த சதுரம் சிறிது தள்ளியவுடன் சாய்ந்துவிடும். குழந்தை அதனை நிமிர்த்த நிமிர்த்த அது மீண்டும் சாயும். மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தால் முக்கோணத்தின் கோணங்களும் உறுதியாகிவிடுகின்றன. நான்கு பக்கங்களின் நீளம் நாற்கோணத்தின் கோணங்களை உறுதி செய்வதில்லை. குறுக்கே ஒரு குச்சியைச் சேர்த்தால் சதுரம் இரு முக்கோணங்களாகி உறுதியாக நிற்கும். பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் குறுக்குச் சட்டங்கள் ஏன் உள்ளன என்பதைச் சாய்ந்த சதுரமே குழந்தைக்கு உணர்த்துகிறது. இங்கே செயல் தவறியதற்குக் குழந்தை பொறுப்பன்று, சதுரத்தின் இயல்பே காரணம் என்பது வெளிப்படையாகத் தெரிவதால் வெட்கத்துக்கு இடமில்லை.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல் முறையும் இங்கு நினைவுகூரத்தக்கது. குழந்தைகள் தரையில் அமர்ந்து, ஏணிப்படி வரிசையில் அமைந்த அட்டைகளைத் தத்தம் வேகத்தில் கற்று முன்னேறினர். அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே விடையைக் கூறவேண்டும் என்னும் நெருக்கடி இல்லாதபோது, பின்தங்கியவன் என்னும் பெயர் ஒரு குழந்தைமீது எளிதில் விழுவதில்லை.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

ஏமாற்றம் நன்மை தரும் என்பதனால் குழந்தையை அதில் நெடுநேரம் விட்டுவைப்பது தகாது. சிறிது முயன்றால் எட்டக்கூடிய தொலைவில் விடை இருக்கவேண்டும். இதற்கு ஆசிரியர் முன்கூட்டியே செய்யவேண்டிய ஏற்பாடுகள் உண்டு.

முதலாவதாக, வகுப்பில் கொடுக்கப்போகும் பொருள்களைக் கொண்டே சோதனையை முன்னாளில் தாமே செய்து பார்த்தல் வேண்டும். இழைப் பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்கைக் கொடுத்தால், ஒரே மின்கலத்தில் அது எரியாது. சிவப்பு விளக்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டும், வெள்ளை விளக்குக்கு ஏறத்தாழ 3 வோல்ட்டும் தேவை. மேலும் ஒரு திசையில் இணைத்தால் மட்டுமே ஒளிரும். இதனை அறியாமல் கொடுக்கப்பட்ட பொருளோடு எவ்வளவு முயன்றும் பயனில்லை. அத்தகைய தோல்வியில் குழந்தை கற்பது மனச்சோர்வை மட்டுமே.

இரண்டாவதாக, பொருள்கள் எல்லாக் கைகளுக்கும் எட்ட வேண்டும். துடிப்பு மிக்க ஒருவன் பொருள்களைத் தன்பால் இழுத்துக்கொள்ள, ஏனையோர் பார்த்து எழுதுவோராக மட்டும் இருந்துவிடுதல் பல குழுக்களில் காணப்படுவதே. குறித்த நேரத்துக்கு ஒருமுறை கைமாற்றும் வழக்கத்தை ஏற்படுத்தலாம்.

மூன்றாவதாக, சோதனைக்கு முன்பு, "என்ன நிகழும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு ஒவ்வொருவரையும் எழுதச் செய்தல் நன்று. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் வியப்பும் இல்லை. எழுதியது தவறாயின் அதற்கு மதிப்பெண் குறைத்தல் கூடாது.

நான்காவதாக, பாதுகாப்பு விதிகளை முதலிலேயே கூறிவிட வேண்டும். வீட்டு மின்சாரத்தை எக்காரணத்தாலும் சோதனைக்குப் பயன்படுத்தலாகாது. மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேரே இணைத்தால் கம்பி சுடும்; உடனே விட்டுவிடவேண்டும். கைக்கடிகாரங்களில் இடும் சிறிய பொத்தான் மின்கலங்களை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அவற்றைக் குழந்தைகளிடம் கொடுக்கலாகாது. எது ஆபத்தானது என்பது தெளிவாகத் தெரிந்த குழந்தையே மற்றவற்றை அச்சமின்றிக் கையாளும்.

இறுதியாக, பாடத்தின் முடிவில் எரிந்த முறைகளோடு எரியாத முறைகளையும் கரும்பலகையில் வரைந்து வைத்தல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு இடம் அளிக்கவேண்டும். விஞ்ஞானிகளின் குறிப்பேடுகளிலும் தவறிய சோதனைகள் இடம்பெறுகின்றன என்பதைச் சொல்லால் கூறுவதைவிட, இச்செயலால் காட்டுவது குழந்தையின் உள்ளத்தில் பதியும்.

மேற்கூறிய நான்காம் வகுப்பில், எரியாத பல்பைக் கையில் வைத்திருந்த சிறுமியின் முயற்சிகள் அவ்வாறு கரும்பலகையில் இடம்பெறுமாயின், அடுத்த பாடத்துக்கு அவள் வேறு மனத்துடன் வருவாள். பல்பு அன்று எரிந்ததா இல்லையா என்பது சில நாட்களில் மறந்துவிடக்கூடியது. எரியாதபோது தன்னை ஐயுறாமல் பல்பைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அவளோடு நிலைத்திருக்கும். நாட்டின் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வேண்டிய முதல் பயிற்சி அதுவே; ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒருநாளும் செல்லாதவர்களுக்கும் வாழ்க்கையில் அது வேண்டுவதே.